புளூஸ்டாரைக் கெடுத்தது எழுதியவர்களா?

ஆரையம்பதியில் ஏ.எல். படிக்கும் ஒரு மகள் கேட்ட கேள்வி இது. ‘வாரியர்ஸ்’ என்ற பூனைத் தொடரின் முதல் சுற்றில் ஆறு புத்தகங்களையும் முடித்துவிட்டு இப்போது இரண்டாம் சுற்றில் நிற்கிறார். “முதல் மூன்று புத்தகத்திலயும் புளூஸ்டாரை அவ்வளவு பிடிச்சிருந்தது. நாலாவதில இருந்து ஆளே மாறிட்டா. ஒருத்தரையும் நம்புறா இல்ல. பேசாம இருந்த பக்கத்துக் கூட்டத்தோட சண்டைக்குப் போறா. நல்ல பாத்திரம் ஒன்றைக் கெடுத்துப்போட்டாங்க. டைகர்குளோ என்றா தொடக்கத்தில இருந்து சாகும்வரைக்கும் ஒரே கெட்டவன். இதுக்குப் பேர் பாத்திர வளர்ச்சியா?” இதோடு, பிராம்பிள்குளோவை நம்பலாமா, ஆஷ்ஃபர் என்றதும் வாசகர்கள் ஏன் இரண்டாகப் பிரிந்து சண்டை பிடிக்கிறார்கள் என்றும் கேட்டிருக்கிறார். பிந்திய புத்தகங்களின் முடிவையெல்லாம் கூட்டாளிமார் ஏற்கெனவே சொல்லிப்போட்டார்களாம். அப்படியென்றால் நானும் ஒளித்துப் பேசத் தேவையில்லை.

மகள், புளூஸ்டாரை ஒருவரும் கெடுக்கவில்லை. அந்தத் தொடர் முழுவதிலும் ஒழுங்காகக் கட்டி எழுப்பிய பாத்திரம் எது என்று கேட்டால் நான் அவவைத்தான் சொல்வேன். உங்களுக்கு வந்த கோபம் பொய்யில்லை. அந்தக் கோபத்தை ஆஷ்ஃபரின் கதையை எழுதியவர்கள்மேல் திருப்பினால் பொருத்தமாக இருக்கும்.

தொடரைத் தெரியாதவர்கள் இதை வாசித்தால் தலை சுற்றும், ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு காட்டில் நான்கு பூனைக் குலங்கள்: தண்டர்கிளான், விண்ட்கிளான், ரிவர்கிளான், ஷேடோகிளான். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஒரு துணைத்தலைவர், ஒரு வைத்தியர். தலைவருக்கு ஒன்பது உயிர். செத்துப்போன முன்னோர் வானத்தில் ஸ்டார்கிளான் என்று இருந்து கனவில் வழிகாட்டுவார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு போர்வீரர் நெறி. 2003இல் வந்த முதல் புத்தகத்தில், மனிதர் வீட்டில் வளர்ந்த ரஸ்டி என்ற செம்பட்டைப் பூனை காட்டுக்குள் வந்து தண்டர்கிளானில் சேர்கிறது. பிறகு அதுவே ஃபயர்ஹார்ட் ஆகி, கடைசியில் ஃபயர்ஸ்டார் என்ற தலைவராகிறது. அட்டையில் எரின் ஹன்டர் என்று ஒரு பெயர் இருந்தாலும் அது ஒருவர் அல்ல. விக்டோரியா ஹோம்ஸ் கதைக்கட்டை அமைத்துக் கொடுக்க, தொடக்கத்தில் கேட் கேரியும் செரித் பால்ட்ரியும் எழுதினார்கள். பிறகு இன்னும் பலர் சேர்ந்தார்கள். ஆஷ்ஃபரிடம் வரும்போது இந்த விசயம் தேவைப்படும்.

இனி தண்டர்கிளானின் தலைவி புளூஸ்டார். அவ நாலாவது புத்தகத்தில் திடீரென்று மாறிப்போனதாக நீங்கள் நினைக்கிறீர்கள். மூன்றாம் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை இன்னொருக்கா எடுத்துப் பாருங்கள். துணைத்தலைவனாக இருந்த டைகர்குளோ தன்னைக் கொல்ல வந்தவன் என்று தெரிந்து, அவனைக் குலத்தை விட்டுத் துரத்தியாகிவிட்டது. நிலவு உச்சிக்கு வருமுன் புதுத் துணைத்தலைவரின் பெயரைச் சொல்லியாக வேண்டும். காலங்காலமாக ஒருவரும் தவறவிடாத வழக்கம் அது. புளூஸ்டார் வெளியே வரவில்லை. குலம் முழுவதும் காத்துக்கொண்டிருக்க நிலவு உச்சி தாண்டிப் போகிறது. அதற்குப் பிறகுதான் வந்து ஃபயர்ஹார்ட்டின் பெயரைச் சொல்கிறா. மற்றப் பூனைகள் இதைக் கெட்ட சகுனமாகப் பார்க்கின்றன. நாங்கள் ஃபயர்ஹார்ட்டுக்குப் பதவி கிடைத்த சந்தோசத்தில் அந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடுகிறோம். உடைவு அன்றைக்கே தொடங்கிவிட்டது. நாலாம் புத்தகத்தில் நீங்கள் பார்ப்பது அதன் தொடர்ச்சி.

ஒரு துரோகத்துக்கு இவ்வளவு உடைவா என்று கேட்பீர்கள். அவவின் பழைய கணக்கைப் பார்த்தால் விளங்கும். இளம் வயதில் ரிவர்கிளானைச் சேர்ந்த ஓக்ஹார்ட்டுக்குப் பிள்ளை பெற்றவ. நெறிக்கு மாறான காரியம், தகப்பன் யார் என்று வெளியே சொல்லவே இல்லை. அந்த நேரம் தண்டர்கிளானில் துணைத்தலைவர் பதவி திஸ்டில்குளோ என்ற இரத்தவெறி பிடித்த ஒருவனுக்குப் போகும் நிலை. பால் குடிக்கும் பிள்ளைகளோடு இருக்கும் தாய்க்குப் பதவி கிடையாது. ஆகவே பனி கொட்டும் ஒரு இரவில் மூன்று குட்டிகளையும் கூட்டிக்கொண்டு, தகப்பனிடம் ஒப்படைக்க எல்லைக்குப் போகிறா. வழியிலேயே மொஸ்கிட் என்ற சின்னக் குட்டி குளிரில் விறைத்துச் செத்துப்போகிறது. மற்ற இரண்டையும் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, பிள்ளைகள் காணாமல் போய்விட்டதாகக் குலத்துக்குச் சொல்கிறா. இவ்வளவும் எதற்காக? வெறிபிடித்த ஒருவன் கையில் குலம் போகக்கூடாது என்பதற்காக.

கடைசியில் நடந்தது என்ன? தன் பக்கத்தில் துணைத்தலைவராக டைகர்குளோவை வைத்துக்கொண்டவ அவவே. அந்த டைகர்குளோ யாரிடம் பழகியவன் தெரியுமா? அதே திஸ்டில்குளோவிடம். எவனைத் தடுக்க மூன்று பிள்ளைகளை இழந்தாவோ, அவனுடைய மாணவனைத் தன் கையாலேயே ஏற்றி வைத்திருக்கிறா. டைகர்குளோ பாய்ந்த அந்த நிமிடத்தில் புளூஸ்டாருக்கு உடைந்தது ஒரு வீரன்மேல் வைத்த நம்பிக்கை மட்டுமென்றால் ஒரு மாதத்தில் தேறியிருப்பா. பிள்ளைகளைக் கொடுத்ததற்கு அவவிடம் இருந்த ஒரே நியாயம் அன்றைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு காட்டுத்தீ வந்து முகாம் எரிந்தால் அது முன்னோரின் தண்டனை என்கிறா. முயல் எலும்புகள் கிடந்தால் விண்ட்கிளான் களவெடுத்தது என்கிறா. வெளியில் இருந்து பார்த்தால் பைத்தியம். உள்ளே போய்ப் பார்த்தால் ஸ்டார்கிளான் தன்னை ஏமாற்றிவிட்டது என்ற ஒரே நினைப்புத்தான் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு பாத்திரம் மாறும்போது நான் பார்ப்பது இதைத்தான்: புதிதாக வந்த குணம் பழைய எந்த வேரில் முளைத்தது? வேர் கைக்கு அகப்பட்டால், அந்த மாற்றம் எனக்குப் பிடிக்காவிட்டாலும் ஒத்துக்கொள்வேன்.

ஐந்தாம் புத்தகத்தின் முடிவில் நாய்க்கூட்டம் வரும் இடம் உங்களுக்கு நினைவிருக்கும். ஃபயர்ஹார்ட்டைக் காப்பாற்ற, முன்னால் வந்த நாயின்மேல் பாய்ந்து அதோடு சேர்ந்து பள்ளத்தாக்கில் விழுந்து ஆற்றில் அடிபட்டுப் போகிறா. கரையில் இழுத்துப் போடுவதற்குக் கைகொடுப்பவர்கள் யார் என்றால், தாய் என்று தெரிந்த நாளிலிருந்து முகம் கொடுக்காமல் இருந்த மிஸ்டிஃபுட்டும் ஸ்டோன்ஃபரும். உரோமமெல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டி, தலைவி என்ற பெரிய உருவம் போய், சின்னக் கிழட்டுப் பூனையாகக் கிடக்கிறா. பிள்ளைகள் மன்னித்தார்கள் என்பது அவவின் காதில் விழுகிறது. பிறகுதான் கடைசி உயிர் போகிறது. நல்ல தலைவியாகவே அவவை ஐந்து புத்தகத்துக்கும் கொண்டுபோயிருந்தால் இந்த இடத்துக்கு இந்தப் பாரம் வந்திருக்காது.

எங்கள் ஊர் வாசகருக்கு இந்தக் கதையில் இன்னொரு விசேசம் இருக்கிறது. வேறு இடத்துப் பிள்ளைகளுக்கு அது கண்ணில் படாது. மட்டக்களப்பில் குடி, அதாவது ஒரே வம்சத்து ஆட்களின் கூட்டம், தாய்வழி. பிள்ளை தாயின் குடிதான், தகப்பன் எந்தக் குடியாக இருந்தாலும் சரி. அதோடு ஒரே குடிக்குள் கலியாணம் கட்டுவதில்லை, வெளியில்தான் கட்ட வேண்டும். கோயில் திருவிழாவில் எந்த நாள் யாருக்கு, கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கராக யார் வரலாம் என்பதெல்லாம் குடி பார்த்துத்தான். அக்கரைப்பற்றுப் பக்கம் முஸ்லிம் ஆட்களிடமும் குடி இருக்கிறது, பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர்மார் குடிவழியாக வந்தவர்கள். உங்கள் அம்மம்மாவிடம் கேட்டால் தன் குடியின் பெயரைச் சட்டென்று சொல்லுவா.

இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் காட்டைப் பாருங்கள். அங்கே சட்டம் நேர் எதிர்: குலத்துக்கு வெளியே ஒருவரை விரும்பினால் குற்றம். பிறந்த பிள்ளை எந்தப் பக்கம் என்பதற்கு ஒழுங்கான விதியும் இல்லை. அதனால்தான் அந்தத் தொடரில் பாதித் துன்பம் வருகிறது. எங்கள் கணக்கில் மிஸ்டிஃபுட்டும் ஸ்டோன்ஃபரும் பிறந்த நேரத்திலிருந்தே புளூஸ்டாரின் குடி, கேள்விக்கே இடமில்லை. தண்டர்கிளான் வீரன் கிரேஸ்ட்ரைப் ரிவர்கிளான் பெண் சில்வர்ஸ்ட்ரீமை விரும்பி, அவ பிள்ளைப்பேற்றில் செத்தபின் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரிவர்கிளானுக்கே போகிறானே, அவன் எங்கள் ஊர் ஆள் மாதிரி நடந்துகொள்கிறான் என்று நான் சிரித்ததுண்டு. மற்றவர்கள் அதைத் தன் குலத்துக்குச் செய்த துரோகம் என்று வாசிக்கிறார்கள். பிள்ளை தாயின் ஆட்களிடம் வளரட்டும் என்பதில் எனக்குத் துரோகம் தெரியவில்லை.

தாய்க்குலம் பிள்ளை வளர்க்கும் விசயத்தில் கதை பூனைகளின் உண்மையான வாழ்க்கையையும் தொட்டுப் போகிறது. தெருப்பூனைகள் சாப்பாடு கிடைக்கும் இடங்களில் கூட்டமாக வாழும்போது, சொந்தக்காரப் பெண்பூனைகள் ஒன்றின் குட்டிக்கு மற்றது பால் கொடுக்கும். மீன் சந்தை வாசலில் நின்று பார்த்தால் எந்தக் குட்டி எதனுடையது என்று பிரிப்பது கஷ்டம். புளூஸ்டாரின் குட்டிகளை கிரேபூல் என்ற ரிவர்கிளான் பூனை தன் குட்டிகளாகவே பால்கொடுத்து வளர்க்கிறது. யெல்லோஃபாங் என்ற வைத்தியர் தன் மகன் புரோக்கன்ஸ்டாரை வேறொரு தாயிடம் கொடுத்துவிட்டு, வளர்ந்து கொடுங்கோலனாகிய அதே மகனுக்குக் கடைசியில் தன் கையால் நச்சுப்பழம் கொடுக்கிறா. அந்தக் காட்சியைப் பற்றித் தனியாக ஒருநாள் கதைக்க வேண்டும், இங்கே இடமில்லை.

டைகர்குளோவுக்கு வருவோம். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே கெட்டவன் என்பது உங்கள் குறை. உண்மைதான், அவன் மாறவில்லை. முந்திய துணைத்தலைவர் ரெட்டெயிலைக் கொன்றதிலிருந்து, ஷேடோகிளானுக்குத் தலைவனாகி டைகர்ஸ்டார் என்ற பெயரோடு நான்கு குலத்தையும் விழுங்கப் பார்த்ததுவரை ஒரே பசி. ஆனால் எல்லாரும் மாற வேண்டும் என்று ஒரு சட்டம் எங்கே இருக்கிறது?

வடமோடிக் கூத்துப் பார்த்திருப்பீர்கள். திரைக்குப் பின்னால் சதங்கை கேட்கும், மத்தளம் எழும்பும், அரசன் வரவுத் தரு என்ற நுழைவுப் பாட்டோடு களரியில் இறங்குவான். அவன் யார், என்ன குணம் என்று அந்த வரவிலேயே தெரிந்துவிடும். துரியோதனன் இரவு பத்து மணிக்கும் துரியோதனன்தான், விடியக் கிரீடத்தைக் கழற்றும்போதும் துரியோதனன்தான். அதற்காக ஒருவரும் எழும்பி வீட்டுக்குப் போவதில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவர்களை வைத்து மேடைக்குக் கொண்டுவந்த ‘இராவணேசன்’ இன்னும் ஒரு படி போனது. அமிர்தகழியில் பிறந்த மௌனகுரு ஆடிய அந்த இராவணனும் மனம் மாறுகிறவன் இல்லை. பிடித்த பிடியில் நின்று மகனையும் தம்பியையும் இழந்து தானும் போகிறான். மாறுவது நாங்கள். கூத்துத் தொடங்கும்போது அரக்கனாக இருந்தவன், முடியும்போது எங்களைக் கலங்கவைக்கும் வீரனாகத் தெரிகிறான்.

டைகர்குளோவுக்கு இந்த அளவு ஆழம் கிடைக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆறு புத்தகத்திலும் நாங்கள் ஃபயர்ஹார்ட்டின் கண்ணால்தான் பார்க்கிறோம். ஃபயர்ஹார்ட்டுக்கு அவன்மேல் பயமும் வெறுப்பும்தான் இருக்கிறது. ஆனால் மாறாத ஒருவன் பக்கத்தில் இருந்தால்தான் மற்றவர்களின் மாற்றத்தை அளக்க முடியும். அவன் சாகும் விதமும் ஒரு தீர்ப்புத்தான். தன் பலத்துக்கென்று கூட்டிவந்த ஸ்கர்ஜ், கழுத்துப்பட்டியில் நாய்ப்பல் குத்திய ஒரு சின்னக் கறுப்புப் பூனை, ஒரே கிழியில் அவனுடைய ஒன்பது உயிரையும் எடுத்துவிடுகிறது. ஒவ்வொரு உயிராகப் போய் ஒவ்வொரு முறையும் திரும்ப எழும்பப் பார்த்துத் துடித்துச் சாகிறான். பிள்ளைகள் வாசிக்கும் புத்தகத்தில் இப்படி ஒரு சாவை வைத்ததற்கு அந்த எழுத்தாளர்களுக்கு நல்ல துணிச்சல்தான்.

ஃபயர்ஸ்டார் மிதமிஞ்சி நல்லவன், அவனில் வளர்ச்சியே இல்லை என்று பலர் சொல்வார்கள். எனக்கு அவன் சுவாரசியமாவது அவன் பிழைவிடும் இடத்தில். வீட்டுப்பூனை இரத்தம் என்று தன்னை ஒதுக்கியவர்கள் மத்தியில் வளர்ந்தவன். அப்படிப்பட்டவன் டைகர்ஸ்டாரின் மகன் பிராம்பிள்குளோவின் முகத்தைப் பார்க்கும் நேரமெல்லாம் தகப்பனைத்தான் காண்கிறான். அதே நிறம், அதே கண். குட்டி என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. பிராம்பிளின் தங்கை டோனிபெல்ட் இந்தச் சந்தேகப் பார்வைகளைத் தாங்கமாட்டாமல் தகப்பனின் ஷேடோகிளானுக்கே போய்விடுகிறாள். ஃபயர்ஸ்டார் இழந்தது ஒரு நல்ல வீராங்கனையை. இங்கேயும் எங்கள் குடிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்: தாய் கோல்டன்ஃபிளவர் அசல் தண்டர்கிளான். எங்கள் ஆட்களிடம் கேட்டிருந்தால் பிள்ளை இந்தக் குடி என்று சொல்லி முடித்திருப்பார்கள்.

ஸ்டோன்ஃபரை வாசகர்கள் மறந்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய மனவருத்தம். தாயை ஏற்க மறுத்தவன், கலப்புப் பிறப்பு என்ற பேச்சே பிடிக்காதவன். ஆறாம் புத்தகத்தில் டைகர்ஸ்டார் கலப்புப் பிறப்புகளை ஒழிக்கப்போவதாகச் சொல்லி, கிரேஸ்ட்ரைப்பின் இரண்டு பிள்ளைகளையும் கொன்றுகாட்டும்படி கட்டளையிடும்போது, பட்டினியால் எலும்பு தெரிய நிற்கும் அவன் முடியாது என்கிறான். அந்த இடத்திலேயே கொல்லப்படுகிறான். சில பக்கங்களுக்குள் இவ்வளவு தூரம் வந்த இன்னொரு பாத்திரம் அந்தத் தொடரில் இருக்கிறதா தெரியவில்லை.

ஹாலிலீஃபைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, நீங்கள் மூன்றாம் சுற்றில் அவளைச் சந்திப்பீர்கள். போர்வீரர் நெறியை வேதம் மாதிரிப் பிடித்திருக்கும் பிள்ளை. யாராவது ஒரு சின்ன விதியை மீறினாலும் அவளுக்கு வயிறு எரியும். அப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் தெரியவருகிறது: தான் தாய் என்று நினைத்த ஸ்குரில்ஃப்ளைட் தாயில்லை. பெற்றவள் ஸ்குரில்ஃப்ளைட்டின் கூடப்பிறந்த லீஃப்பூல், தகப்பன் விண்ட்கிளானைச் சேர்ந்த குரோஃபெதர். லீஃப்பூல் வைத்தியர், வைத்தியருக்குத் துணையும் கூடாது பிள்ளையும் கூடாது. ஆக, ஹாலிலீஃப் உயிரோடு இருப்பதே அவள் நம்பிய நெறிக்கு விரோதம். இந்த இரகசியத்தை ஊரறியச் சொல்லப் போன ஆஷ்ஃபரை அவள் கொன்றுவிடுகிறாள். பிறகு நான்கு குலமும் கூடிய கூட்டத்தில் அதே இரகசியத்தைத் தானே எழும்பிச் சொல்லிவிடுகிறாள்.

“நெறி நெறி என்றவள் கொலை செய்வாளா, பாத்திரம் பிசகிவிட்டது” என்று கோபப்படுகிறவர்களுக்கு என் பதில் புளூஸ்டாருக்குச் சொன்னதுதான். வேர் இருக்கிறதா பாருங்கள். நெறியை அன்பால் பிடித்திருந்தால் தாயை மன்னித்திருப்பாள். பயத்தால் பிடித்திருந்தாள், அது போனால் தான் யார் என்று தெரியாது என்ற பயம். மூன்றாம் சுற்றின் முதல் புத்தகத்திலேயே அந்தப் பயம் தெரிகிறது. அவளை 2011இல் வந்த ‘த ஃபொர்கொட்டன் வாரியர்’ புத்தகத்தில் திருப்பிக் கொண்டுவந்ததுதான் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. இடிந்த சுரங்கத்துக்குள் போனவள் போனவளாகவே இருந்திருக்கலாம். திரும்பி வந்தபின் செய்த கொலைக்கு அவள் கொடுத்த விலை போதாது. கடைசிப் போரில் ஐவிபூல் என்ற குலத்துப் பூனையைக் காப்பாற்றிச் சாவது நல்ல சாவு, ஆனால் அது வேறு கணக்கு.

ஆஷ்ஃபர் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. ஸ்குரில்ஃப்ளைட்டை விரும்பியவன். அவள் பிராம்பிள்குளோவைத் தெரிந்தெடுத்ததும் மனம் கறுத்து, அவளுடைய தகப்பன் ஃபயர்ஸ்டாரைக் கொல்லும் சதிக்கு ஹோக்ஃபிராஸ்டோடு சேர்கிறான். காட்டுத்தீயின்போது அவளுடைய பிள்ளைகள் தப்பும் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறான். அப்படிப்பட்டவனை, செத்தபின் ஸ்டார்கிளானில் நல்ல முன்னோர்களோடு காட்டினார்கள். வாசகர் பிரிந்தது அங்கேதான். ஒரு பக்கம், அவன் ஒருவரையும் கொல்லவில்லை, கொல்லப்பட்டவன் அவன்தானே என்கிறது. மற்றப் பக்கம், ஒரு பெண் வேண்டாம் என்றதற்கு அவளுடைய தகப்பனையும் பிள்ளைகளையும் கொல்லத் துணிந்தவனுக்குச் சொர்க்கமா என்று கேட்கிறது. நான் இரண்டாவது கட்சி. எங்கள் ஊரிலும் வேண்டாம் என்ற பிள்ளைக்குப் பின்னால் திரிகிறவனைப் பாவம் அவன் விரும்பிவிட்டான் என்று தாங்கிப் பேசும் ஆட்கள் இருக்கிறார்கள், அந்தப் பேச்சு எனக்கு ஒத்துவராது.

2019 தொடக்கம் 2021 வரை வந்த ‘த புரோக்கன் கோட்’ சுற்றில் அதே ஆஷ்ஃபரை முழுக் கொடியவனாகக் கொண்டுவந்தார்கள், தலைவராகிப் பிராம்பிள்ஸ்டார் என்று பெயர் மாறிய பிராம்பிள்குளோவின் உடம்புக்குள்ளேயே புகுந்துகொள்ளும் ஆவியாக. பலருக்கு மனம் ஆறியது. எனக்கு இன்னும் ஆறவில்லை, அதற்குக் காரணம் வேறு. ஆஷ்ஃபரின் தாய் பிரின்டில்ஃபேஸ். நாய்களுக்குப் பூனை இரத்தத்தின் சுவையைக் காட்டுவதற்காக டைகர்ஸ்டார் கொன்றுபோட்டது அவளைத்தான். அதற்குப் பழிதீர்க்க, நாய்களை இழுத்துக்கொண்டு ஓடும் ஓட்டத்தில் தன்னையும் சேர்க்கும்படி சின்ன ஆஷ்ஃபர் கெஞ்சினான். வளர்ந்தபின் அவன் விரும்பிய பெண் தெரிந்தெடுத்தது யாரை? தாயைக் கொன்றவனின் மகனை. பழிவாங்கக் கைகோத்தது யாரோடு? ஹோக்ஃபிராஸ்ட், அதே கொலைகாரனின் இன்னொரு மகன். எவ்வளவு பெரிய வேர், பாருங்கள்! காதல் தோல்வி என்று ஒரு வரியில் முடித்ததை ஒரு பெரும் சோகமாக எழுப்பியிருக்கலாம். புத்தகம் அந்த இடத்தில் நின்று பார்க்கவே இல்லை. பல கைகள் மாறி மாறி எழுதும்போது இதுதான் நடக்கிறது. பூனையின் கண்நிறம் புத்தகத்துக்குப் புத்தகம் மாறினால் சிரித்துவிட்டுப் போகலாம். தாய் செத்த விதம் மறந்துபோனால் பாத்திரம் நொண்டும்.

பிராம்பிள்குளோவை நம்பலாமா என்று கேட்டீர்கள். நீங்கள் இப்போது நிற்கும் சுற்றின் கடைசிப் புத்தகம் ‘சன்செட்’. அதில் ஏரிக்கரையில் நரிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் ஃபயர்ஸ்டாரின் கழுத்து அகப்பட்டிருக்கும். மூச்சு அடங்கிக்கொண்டு போகும். பக்கத்தில் ஹோக்ஃபிராஸ்ட் நின்று, முடித்துவிடு, தலைமை உனக்குத்தான் என்பான். பிராம்பிள்குளோ உடனே பாய்ந்து காப்பாற்றுவதில்லை, அதைக் கவனியுங்கள். ஒரு கணம் நிற்கிறான். அந்தத் தயக்கத்தை எழுதியவர் மறைக்காமல் விட்டது நல்ல வேலை. கனவில் தகப்பனிடம் போய்ப் பழகிய இரவுகளெல்லாம் அதற்குள் இருக்கின்றன. பிறகு சுருக்கின் முளைக்கட்டையைத் தோண்டி இழுத்து, கடைசியில் அதே கட்டையால் தம்பியைக் கொல்ல வேண்டி வருகிறது. நம்பலாம். ஆனால் மூன்றாம் சுற்றின் முடிவில் பிள்ளைகள் பற்றிய உண்மை தெரிந்தபின் ஸ்குரில்ஃப்ளைட்டிடம் அவன் காட்டும் முகம் உங்களுக்குப் பிடிக்காது, இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அடுத்து என்ன வாசிக்கலாம் என்றால், இரண்டாம் சுற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டு 2009இல் வந்த ‘புளூஸ்டார்ஸ் பிராபசி’யை எடுங்கள். முதல் ஆறையும் முடித்தபடியால் அதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. புளூஸ்டாரின் தொடக்கமும் அந்தப் பனி இரவும் அதற்குள் முழுதாக இருக்கின்றன. வாசித்துக்கொண்டு போகும்போது ஒரு காட்சி வரும்: திஸ்டில்குளோ தன் மாணவன் டைகர்பாவை (டைகர்குளோவின் சின்ன வயதுப் பெயர்) உசுப்பேற்றி, காட்டுக்குள் வழிதவறி வந்த ஒரு சின்னக் கறுப்பு வீட்டுக்குட்டியை அடித்துக் கிழிக்கவைப்பான். இளம் புளூஸ்டார் குறுக்கே போய் நிறுத்துவா. அந்தக் கறுப்புக் குட்டிதான் ஸ்கர்ஜ். அதை வாசித்த கையோடு ‘த டார்க்கஸ்ட் அவர்’ என்ற ஆறாம் புத்தகத்தில் ஸ்கர்ஜும் டைகர்ஸ்டாரும் நேருக்கு நேர் நிற்கும் அத்தியாயத்தைத் திருப்பி எடுத்துப் பாருங்கள். டைகர்குளோவைப் பற்றி இன்னொரு கேள்வி உங்களுக்கு வரும், அதையும் எழுதி அனுப்புங்கள்.